கோர்க்குக்குப் போறியளோ: எங்க குந்துறது, என்ன சாப்பிடுறது, எதைப் பாக்கிறது

எங்கட கிளிநொச்சிப் பக்கத்துச் சனத்துக்கு வெளிநாடு எண்டா லண்டன், கனடா, சுவிஸ், பிரான்ஸ், அவ்வளவுதான். அயர்லாந்து எண்டு சொன்னா "அது லண்டனுக்குள்ளதானே" எண்டுவினம். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், மகள் கலியாணம் முடிச்சு கோர்க் எண்ட ஊருக்குப் போகும்வரைக்கும். போன வருசம் நானும் மனிசியும் போய் ரெண்டரை மாசம் நிண்டுட்டு வந்தனாங்கள், வந்த நாள் தொடக்கம் பரந்தன் சந்தியில தேத்தண்ணி குடிக்கப் போனாலும் சரி, கோயிலடியில நிண்டாலும் சரி ஆராவது ஒராள் வந்து "அண்ணை, எங்கட பிள்ளையும் அங்கதான், நாங்களும் போகப்போறம், என்ன பாக்கலாம், என்ன சாப்பிடலாம்" எண்டு கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நோகுது. அதாலதான் ஒரேயடியா எழுதிப்போடுறன்.

முதல் விசா. அயர்லாந்துக்குத் தனி விசா எடுக்கவேணும், லண்டன் விசாவும் சரிவராது, சுவிஸ் பிரான்சுக்குப் போற ஷெங்கன் விசாவும் சரிவராது. அப்பிடியே லண்டனில இருக்கிற பெறாமக்களையும் ஒருக்காப் பாத்துட்டு வருவம் எண்டா அதுக்கு வேற விசா, வேற காசு. சாமானில இறைச்சி, பால், நெய் ஒண்டும் வைக்காதேங்கோ, ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டினம். கறிவேப்பிலையும் அப்பிடித்தான். மனிசி ஒரு கட்டுக் கறிவேப்பிலையை சீலைக்குள்ள சுத்தி வச்சவ, நான் கட்டுநாயக்காவில வச்சு எடுத்து எறிஞ்சதுக்கு இண்டைக்கும் பேச்சு வாங்குறன். மிளகாய்த்தூள் கொண்டு போங்கோ, கனக்கக் கொண்டு போங்கோ. குடை வேண்டாம், அந்தக் காத்துக்குக் குடை ரெண்டு நாளும் நிக்காது, தொப்பி வச்ச மழைக்கோட்டுத்தான் சரி.

டப்ளினில இறங்கினா ஹியூஸ்டன் ஸ்டேசனில ட்ரெயின் எடுக்கலாம், ரெண்டரை மணித்தியாலத்தில கோர்க். வழி முழுக்கப் புல்லு, புல்லுக்குள்ள மாடு.

ஊரைப்பற்றி ஒரு விசயம் விளங்கினாத்தான் நடக்கிறது லேசு. லீ எண்ட ஆறு ரெண்டாப் பிரிஞ்சு ஓடுது, நடுவில ஒரு தீவு மாதிரி, அதுக்கு மேலதான் கடைத்தெரு எல்லாம் இருக்கு. கோர்க் எண்ட பேரே அவையின்ர பாசையில சதுப்பு நிலம் எண்டதுதானாம். பற்றிக் ஸ்ட்ரீட் எண்ட பெரிய தெரு ஏன் இப்பிடி வளைஞ்சு போகுது எண்டு மருமோனைக் கேட்டன், அடியில ஆத்துவாய்க்கால் ஒண்டு கிடக்கு, அதை மூடிப்போட்டுத்தான் மேல தெருப் போட்டது எண்டார். 2009 கார்த்திகையில மேல இருக்கிற அணைக்கட்டில தண்ணி திறந்துவிட ஊருக்குள்ள வெள்ளம் ஏறினதாம். 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்த ராத்திரி எங்க நிண்டனாங்கள் எண்டு எங்கட ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், அதாலதானோ என்னவோ அந்த ஆத்தங்கரையில நடக்கேக்க எனக்குக் கண் தண்ணி மட்டத்திலதான் நிண்டது.

இனிப் பப் கதைக்கு வருவம், எல்லாரும் குசுகுசு எண்டு கேக்கிறது இதைத்தானே.

பப் எண்டா எங்கட கள்ளுத் தவறணை மாதிரி எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. முதல் நாள் மகள் "வாங்கோ அம்மா பப்புக்குப் போவம்" எண்டு கூப்பிட மனிசி வாசலில நிண்டிட்டா. "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே, பொம்பிளைப்பிள்ளையோட தவறணைக்குள்ள போறதே" எண்டு எனக்குத்தான் ஏச்சு. நான் "ஒருக்கா உள்ள எட்டிப் பாரும், பிடிக்காட்டி வருவம்" எண்டன். எட்டிப் பாத்தா முன்மேசையில எங்கட பெரியம்மா வயசில ஒரு மனிசி பேப்பர் விரிச்சு வச்சுத் தேத்தண்ணி குடிக்குது, பக்கத்தில தள்ளுவண்டிலுக்குள்ள ஒரு கைக்குழந்தை நித்திரை. பதினஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் பெரியாக்களோட ராத்திரி 9 மணி வரைக்கும் உள்ள இருக்கலாம், வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் 10 மணி. 2004 ஆம் ஆண்டிலயே உள்ள சிகரட் பத்துறதை நிப்பாட்டிப் போட்டினம், நாடு முழுக்க அப்பிடிச் செய்த முதல் நாடு அதுதான், அதால மணமும் இல்லை புகையும் இல்லை. மனிசி கதிரையை இழுத்து இருந்திட்டா. பேந்து கடைசிக் கிழமையில "இண்டைக்கு எங்க போறம்" எண்டு கேட்டதே அவதான்.

உள்ள போனா மேசையில குந்திக்கொண்டு ஆரும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. நாங்கள் தனியப் போன ஒருநாள் அரை மணித்தியாலம் கும்பிட்ட தெய்வம் மாதிரி அசையாமல் இருந்தனாங்கள், ஒருத்தரும் வரேல்லை, நிறத்தைப் பாத்துத்தான் வரேல்லையாக்கும் எண்டு மனிசிக்கு மூக்கில கோவம், கடைசியில பக்கத்து மேசைக்காரன் சிரிச்சுக்கொண்டு கையைக் காட்டினான், எழும்பிப் போய் ஊத்துற கவுண்டரில நிண்டு கேக்கவேணும், காசும் அதிலயே குடுக்கிறது, கிளாசை நாங்களே தூக்கிக்கொண்டு வாறது.

குடிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், கின்னஸ் எண்டது டப்ளின்காரருடையது. கோர்க்கில கறுப்புப் பியர் எண்டா மேர்பிஸ் இல்லாட்டி பீமிஷ். பீமிஷ் 1792 இல தொடங்கினது, மேர்பிஸ் 1856. கின்னஸ் கேட்டாக் குடுக்கமாட்டினம் எண்டில்லை, ஆனா மேர்பிஸ் எண்டு கேட்டா முகத்தில ஒரு சந்தோசம் வரும், அதைப் பாக்கிறதுக்காகவே கேக்கலாம். ஊத்துறதைப் பக்கத்தில நிண்டு பாருங்கோ. கிளாசைச் சரிச்சுப் பிடிச்சு முக்கால் மட்டுக்கு விட்டுப்போட்டு அப்பிடியே வச்சிட்டு அடுத்த ஆளின்ர அலுவலைப் பாக்கப் போயிடுவான். மறந்திட்டான் எண்டு கூப்பிடாதேங்கோ. கிளாசுக்குள்ள மண்ணிறத்தில அலை அலையாக் கீழ இறங்கிக்கொண்டு இருக்கும், மாரியில முதல் மழைக்கு வாய்க்காலில புதுத்தண்ணி வருமே அந்த நிறம், அது மெல்ல மெல்ல அடியில இருந்து கறுத்துக்கொண்டு வந்து மேல ஒரு விரல்கட்டைக்கு வெள்ளை நுரை நிக்கும், அதுக்குப் பிறகுதான் மிச்சத்தை விட்டுத் தருவான். எங்கட பெரியப்பா சீவல்காரர், பனையால இறக்கின முட்டியை நிழலில வச்சு நுரை அடங்கும்வரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடமாட்டார், பிளாவோட சனம் சுத்தி நிக்கும், எனக்கு அந்த மனிசன்தான் ஞாபகம் வந்தவர். ருசி எண்டா முதல் வாய் கோப்பி வறுத்த சட்டி கழுவின தண்ணி மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லேல்லை. மூண்டாம் நாள்தான் பிடிபட்டது. கள்ளு மாதிரிப் புளிக்காது, வெறியும் பெரிசா இல்லை, வயிறுதான் நிறையும்.

ஒரு ஆபத்து இருக்கு. நாலு பேர் சேந்து இருந்தா ஒராள் எழும்பிப் போய் நாலு பேருக்கும் வாங்கி வருவார், பிறகு அடுத்த ஆள், பிறகு அடுத்த ஆள். உங்கட முறை வரேக்க எழும்பாமல் இருந்தா அது பெரிய மரியாதைக் குறைவு. முழுக் கிளாஸ் ஒண்டு, அவை பைன்ட் எண்டுறது, 568 மில்லிலீற்றர், நாலாவது வரேக்க நான் மருமோனைத் தேடினன். ஏலாதெண்டா முதல் முறையிலயே கிளாஸ் எண்டு சொல்லி அரைவாசி கேளுங்கோ, ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம். குடிக்காத ஆக்களுக்கு தனோரா எண்டொரு மண்டரின் தோடம்பழச் சோடா இருக்கு, கோர்க்குச் சனத்தின்ர சொந்தச் சரக்கு, நெக்டோ குடிச்ச வாய்க்கு அது நல்லாவே போகும்.

எனக்குப் பிடிச்ச பப் மூண்டு. ஒண்டு மட்டன் லேன் இன், பற்றிக் ஸ்ட்ரீட்டில இருந்து ஒரு ஒழுங்கை போகும், ஆக்கள் ரெண்டு பேர் விலத்திப் போற அகலம்தான், முந்தி சந்தைக்கு ஆடு சாய்ச்சுக்கொண்டு போன வழியாம், மதில் முழுக்கச் சனம் வாத்தியம் வாசிக்கிற மாதிரிப் பெரிய படம் கீறி வச்சிருக்கு. உள்ள பகலிலயும் இருட்டு, மெழுகுதிரி வெளிச்சம், மழைநாளில போய் மூலையில குந்தினா வெளிய வர மனம் வராது. ரெண்டாவது லோங் வலி, வின்ரொப் ஸ்ட்ரீட்டில. பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, வலி ஒண்டுமில்லை, பள்ளத்தாக்கு எண்டதுதான். அங்க சான்ட்விச் சாப்பிடவேணும், பாண் துண்டு ஒவ்வொண்டும் எங்கட வீட்டுப்படி தடிப்பு.

மூண்டாவதைத்தான் நான் கனதரம் சொல்லுறது, ஷின் ஏ, கோபர்க் ஸ்ட்ரீட்டில. ஐரிஷ் பாசையில அதுக்கு "அவ்வளவுதான்" எண்டு கருத்து. ஏன் அப்பிடிப் பேர் எண்டா பக்கத்தில செத்தவீட்டுச் சாமான் பாக்கிற கடை. அவ்வளவுதான்! பாட்டுக்கு இதை விட வேற இடம் தேடவேண்டாம். மேடை கிடையாது, மைக் கிடையாது, மூலை மேசையில நாலைஞ்சு பேர் வந்து இருப்பினம், பிடில், புல்லாங்குழல், பௌரான் எண்டு ஆட்டுத்தோல் பறை ஒண்டு. அதை மடியில நிமித்தி வச்சு ஒரு சின்னக் கட்டையால அடிக்கேக்க மற்றக் கையைத் தோலுக்குப் பின்னால வச்சு அமத்தி அமத்திச் சத்தத்தை மாத்துவினம். நான் அந்தப் பின்கையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பறை கேட்டு வளந்தவனுக்கு வேற எங்க கண் போகும். பாட்டுக்காரரின்ர கதிரையில போய் இருந்திடாதேங்கோ, காலியாக் கிடந்தாலும் அது ஆருக்கோ எண்டு வச்சிருக்கும். காசு கேக்கமாட்டினம். ஒரு பாட்டு முடியுது எண்டு நினைக்க அப்பிடியே அடுத்ததுக்குள்ள போயிடும், அதால மற்றவை கை தட்டேக்க தட்டினாப் போதும்.

சாப்பாடு. விலை கூட, அதை முதலே மனசில போட்டுட்டுப் போங்கோ. சோறு கறி எண்டு ஏங்கி ஒரு கடைக்குப் போனனாங்கள், பேர் வேண்டாம், கறிக்குள்ள சீனி போட்டிருந்தவங்கள், மனிசி ஒரு வாயோட கரண்டியை வச்சிட்டா. பிறகு நாங்கள் அந்தப் பக்கமே போகேல்லை, மகளின்ர குசினியில சமைச்சது, வெளிய எண்டா அவையின்ர சாப்பாடுதான்.

இங்கிலிஷ் மார்க்கெற் எண்ட சந்தைக்கு கட்டாயம் போகவேணும். 1788 இல தொடங்கின சந்தை, கூரை போட்டது, நடுவில தண்ணித்தொட்டி ஒண்டு, மேல மாடியில இருந்து சாப்பிட்டுக்கொண்டு கீழ நடக்கிற வியாபாரத்தைப் பாக்கலாம். ஞாயிறு பூட்டு. ஐஸுக்கு மேல மீன் அடுக்கியிருக்கிறதைக் கண்ட உடன மனிசி கிளிநொச்சிச் சந்தையில நிக்கிறது எண்ட நினைப்பில கையை நீட்டி ஒரு மீனின்ர செவுளைக் கிளப்பிப் பாத்திட்டா. கடைக்காரன் "நோ நோ" எண்டு ஓடி வந்தான். இவ விடேல்லை, "ரத்தச் சிவப்பா இருக்கு, நல்ல மீன்" எண்டு தமிழில சொல்லி பெருவிரலைத் தூக்கிக் காட்ட அவன் சிரிச்சுப்போட்டு தானே ஒவ்வொண்டாக் கிளப்பிக் காட்டத் தொடங்கிட்டான். அண்டைக்குக் கும்பளாவும் கொஞ்சம் கணவாயும் வாங்கினது. கும்பளா அங்க மற்ற மீனை விட மலிவு, தேங்காய்ப்பால் ரின்னில வாங்கிக் குழம்பு வச்சா முல்லைத்தீவு மீனுக்குக் கிட்ட வரும், கிட்ட மட்டும்தான்.

அதே சந்தையில ட்ரைப், டிரிஷீன் எண்டு ரெண்டு சாமான் விக்கும். ட்ரைப் எண்டா பாபத், மாட்டின்ர இரைப்பை, அதைப் பாலும் வெங்காயமும் போட்டு வெள்ளையா அவிப்பினம். டிரிஷீன் எண்டது ரத்தத்தைக் குடலுக்குள்ள அடைச்சு அவிச்சது. கோர்க்கின்ர பழைய ஏழைச் சாப்பாடு, இப்ப அவையின்ர பிள்ளையளே தொடாதுகளாம். பாபத் கறியும் ஆட்டு ரத்த வறையும் தின்னுற எங்களுக்கு அது என்ன புதினம், நான் மேல மாடியில இருந்து ஒரு கோப்பை முடிச்சன். உப்புக் கூட இல்லாத மாதிரி இருந்தது, சட்டைப்பையில கொண்டுபோன மிளகாய்த்தூளை மெல்லத் தூவினன், பிறகு திறம்.

மாடு, பண்டி தொடாத ஆக்கள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுங்கோ, காலைச் சாப்பாட்டில கறுப்பா வட்டமா வைக்கிறது பண்டி இல்லாட்டி மாட்டு ரத்தத்தில செய்தது. பயமில்லாமல் சாப்பிடக்கூடியது சௌடர், மீனும் மட்டியும் கிழங்கும் போட்டுப் பாலாடையில காய்ச்சின தடிச்ச சூப், கூட மண்ணிறப் பாணும் பட்டரும் வரும். அந்தப் பட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அஸ்ட்ரா மாஜரின் பூசி வளந்த வாய் இது, அங்கத்தைய மஞ்சள் பட்டரைப் பாணில போட்டுத் தின்ன பிறகுதான் அந்த ட்ரெயின் வழி கண்ட மாடு எல்லாம் என்ன செய்யுதுகள் எண்டு விளங்கினது. ஒரு காலத்தில உலகத்திலயே பெரிய பட்டர்ச் சந்தை கோர்க்கிலதான் இருந்தது, ஷாண்டன் பக்கத்தில அதுக்கு மியூசியமே இருக்கு. வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரருக்குப் பரடைசோ எண்டொரு கடை, 1993 இல இருந்து இறைச்சி மீன் இல்லாமலே நடத்துகினம், நல்ல சாப்பாடு, மருமோன்தான் காசு கட்டினவர், அதால விலை சொல்லத் தெரியேல்லை. தேத்தண்ணி நாங்கள் குடிக்கிறதை விடச் சாயம் கூட, பரிஸ் எண்ட கோர்க்குக் கொம்பனி, 1901 இல தொடங்கினது. ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தன், இலங்கைக்குத் தேயிலை கொண்டு வந்த முதல் விசரன் நீர்தான் எண்டு மச்சான் சிரிக்கிறார்.

பாக்கிற இடத்தில ஷாண்டன் மணிக்கூட்டுக் கோபுரம் முதல். 1722 ஆம் ஆண்டுக் கோயில், ரெண்டு பக்கம் சிவப்புக் கல்லு, ரெண்டு பக்கம் வெள்ளைக் கல்லு, உச்சியில பொன் நிறத்தில ஒரு மீன். நாலு பக்கமும் மணிக்கூடு, நாலும் நாலு நேரம் காட்டுமாம், அதால ஊர்ச்சனம் அதுக்கு நாலு முகப் பொய்யன் எண்டு பேர் வச்சிருக்கு. 132 படி, முழங்கால் வருத்தக்காரர் கீழ நில்லுங்கோ. இதில பெரிய பம்பல் என்னெண்டா எட்டு மணியையும் நீங்களே கயிறு இழுத்து அடிக்கலாம், கயிறுக்கு நம்பர் போட்டிருக்கும், எந்தப் பாட்டுக்கு எந்த நம்பர் எண்டு அட்டையும் தருவினம். நான் அட்டையை வச்சிட்டு எங்கட பாட்டு ஒண்டை அடிக்கப் பாத்தன். கீழ நிண்ட மனிசி "ஆரோ சின்னப்பிள்ளை ஏறி விளையாடுது எண்டு நினைச்சன்" எண்டா.

பப்பில ஒரு கிழவரோட கதைச்சன் எண்டு சொன்னனானோ, இல்லை. மட்டன் லேனில. எங்கயிருந்து எண்டு கேட்டார், இலங்கையில வடக்கு, வன்னி எண்டன். கொஞ்சநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பேந்து "சிட்டி ஹோலைப் பாத்திட்டியோ, பக்கத்தில எரிஞ்ச லைப்ரரி எங்க இருந்தது எண்டு கேள்" எண்டார். 1920 மார்கழி 11 ராத்திரி பிரிட்டிஷ் படை பற்றிக் ஸ்ட்ரீட்டுக்கு நெருப்பு வச்சது, சிட்டி ஹோலும் எரிஞ்சது, கார்னகி லைப்ரரியும் புத்தகங்களோட எரிஞ்சது. 1981 இல எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது எண்டு நான் சொல்ல, தனக்குத் தெரியாது எண்டிட்டு, எத்தனை புத்தகம் எண்டு கேட்டார். தொண்ணூற்றேழாயிரம் எண்டன். மனிசன் எழும்பிப் போய் எனக்கொரு கிளாஸ் வாங்கி வந்து வச்சார். அடுத்தநாள் அந்த சிட்டி ஹோலைப் போய்ப் பாத்தன், அவையின்ர மாநகரசபை. 1936 இல திரும்பத் திறந்த கட்டடம்தான் இப்ப நிக்கிறது, முன்னால ரெண்டு மேயர்மாரின்ர சிலை. ஒருத்தரை 1920 இல வீட்டில வச்சுச் சுட்டது. மற்றவர் டெரன்ஸ் மக்ஸ்வீனி, லண்டன் சிறையில 74 நாள் சாப்பிடாமல் கிடந்து செத்தவர். உண்ணாவிரதம் எண்டு மகள் வாசிச்சுச் சொல்ல மனிசி செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டவ. கூடுதலா அறிய விருப்பமெண்டா பிற்ஸ்ஜெரல்ட் பூங்காவுக்குள்ள மியூசியம் இருக்கு, காசில்லை, பக்கத்தில ஆட்டம் ஆடுற தொங்குபாலமும் இருக்கு.

பிளார்னி கோட்டைக்கு எல்லாரும் போகச் சொல்லுவினம். 1446 ஆம் ஆண்டுக் கோட்டை, உச்சிக்கு ஏறி மல்லாக்கப் படுத்து இரும்புக் கம்பியைப் பிடிச்சுத் தலையைப் பின்னால தொங்கவிட்டு ஒரு கல்லைக் கொஞ்சினா வாக்கு வன்மை வருமாம். "உங்களுக்கு அது தேவையில்லை, வாங்கோ" எண்டு மனிசி கூட்டிக்கொண்டு போட்டா. தோட்டம் வடிவு, நேரமிருந்தாப் போங்கோ, இல்லாட்டி அந்த நாளைக் கோவுக்கு வையுங்கோ.

கோவ் எண்டது துறைமுகம், கோர்க்கில இருந்து ட்ரெயினில அரை மணித்தியாலமும் இல்லை, தண்ணிக்கு மேலால போற மாதிரிப் போகும், ஆனையிறவு கடக்கிற ஞாபகம் வரும். ரைற்றானிக் கப்பல் 1912 சித்திரை 11 இல கடைசியா நிண்ட இடம் அதுதான், அங்க 123 பேர் ஏறினவை. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கினம். எனக்கு மற்றதுதான் பெரிசு. 1845 இல கிழங்குக்கு வருத்தம் வந்து பஞ்சத்தில பத்து லட்சம் சனம் செத்து, அதுக்குப் பிறகு நூறு வருசமா அந்தச் சனம் கப்பல் ஏறிக்கொண்டே இருந்திருக்கு, இந்த ஒரு துறையால மட்டும் இருபத்தஞ்சு லட்சம் பேர். ஸ்டேசனை விட்டு வெளிய வந்தாக் கரையில ஒரு சிலை, அனி மூர் எண்ட பெட்டையும் ரெண்டு தம்பிமாரும். 1892 தை முதலாம் திகதி நியூயோர்க்கில எலிஸ் ஐலண்ட் திறக்க, முதல் பதிஞ்ச ஆள் அந்தப் பிள்ளைதான்.

மனிசி சிலையைச் சுத்திப் பாத்திட்டு "தாய் தேப்பன் எங்க" எண்டு கேட்டா. அவை முதலே நியூயோர்க் போயிட்டினம், பிள்ளையள் பிறகு போகுதுகள் எண்டு மகள் சொன்னாள். மனிசி தலையாட்டிப்போட்டு "அப்ப ஏஜென்சிக்காரனுக்கு ஆர் காசு கட்டினது" எண்டா.

ட்ரெயின் பகலில அடிக்கடி இருக்கு, ராவில குறையும், திரும்பிற நேரத்தைப் போகேக்கயே பாத்து வச்சிடுங்கோ, கரையில பின்னேரத்துக்குக் குளிர் ஏறும்.